பிழை திருத்தம்

கணவாய் விளம்பி, கடைசி இதழ், முதல் பக்கம்,
இரண்டாம் பத்தி. பிழை என்னுடையது.
அச்சுக் கோத்தவன் சவுரிமுத்து, கொழிஞ்சாம்பாறை.

விளம்பி வருஷம் தொடங்கியதால் அந்தப் பெயர்.
உதுமான்கனி ராவுத்தர் மிளகாய் மண்டியை விற்று
கல்கத்தாவிலிருந்து ஒரு கையச்சு இயந்திரம் வரவழைத்தார்.
விற்ற வங்காளியும் பத்திராதிபராம்,
கதை எழுதுவாராம், கடனில் மூழ்கினாராம்.
இயந்திரத்தோடு ராசியும் வருமென்று
மண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.
வந்தது.

மரப்பெட்டியின் அடியில், வைக்கோலுக்குள்,
ஒரே ஒரு அச்சு கிடந்தது. தமிழ் இல்லை.
கிண்ணம்போல் ஒரு வளைவு, மேலே ஒரு பொட்டு.
பிறை என்றார் ராவுத்தர்.
எனக்கு அது தோணி, உள்ளே ஒரு ஆள்.
ஈயத்தில் எல்லா எழுத்தும் முகம் திரும்பித்தான் நிற்கும்;
அவருடைய கோபத்தைக்கூட நான்
தலைகீழாகத்தான் வாசித்துப் பழகினேன்.
இதற்கு மட்டும் ஈயத்திலும் தாளிலும் ஒரே முகம்.
தலையங்கம் முடிகிற இடத்தில் வை என்றார்.

எங்கள் ஊர் கொச்சி ராஜாவுக்கு.
வேலந்தாவளம் தாண்டினால் வெள்ளைக்காரனுக்கு.
வெள்ளைக்காரன் நிலவரியைத் திட்டினால் இங்கேயே அடிப்போம்.
திவான் கச்சேரி லஞ்சத்தைத் திட்டுகிற வாரம்
இயந்திரத்தைக் கழற்றி, சாக்கால் மூடி,
சாவடிக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் அடிப்போம்.
தலையங்கம் யாரைப் பற்றியதென்று
ஊரில் முதலில் தெரிவது வண்டிக்காளைகளுக்கு.

ஆடியில் கணவாய் ஊதும்.
காயப்போட்ட தாள்கள் பறந்து
பனைகளில் ஒட்டிக்கொள்ளும்.
சந்தா கட்டாதவர்கள்
அண்ணாந்து நின்று வாசித்தார்கள்.

சித்தூர் கச்சேரியில் சிரஸ்தார் கேட்டார்:
லஞ்சத்தைப் பற்றி எழுதியது கிடக்கட்டும்,
அடியில் இருக்கும் இந்தப் பிறை
துருக்கி சுல்தானுக்கு என்ன சைகை?
பெட்டியில் கிடந்தது எஜமான், என்றார் ராவுத்தர்.
அதன் அர்த்தம்?
எனக்கும் தெரியாது.
தெரியாததை அச்சடிப்பாயா?
தெரிந்ததை அச்சடித்துத்தானே இங்கே நிற்கிறேன்.

ஐம்பது ரூபாய் அபராதம்; அச்சைப் பறிமுதல் செய்ய
சேவகன் வந்தபோது அது என் நாக்கடியில் இருந்தது.
ஈயம் லேசாக இனிக்கும்.

அபராதம் அவரைக் கொல்லவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்,
கட்டியவர் நாற்பத்தொருவர்.
மலைஜுரம் வந்த ஒன்பதாம் நாள்
மெய்ப்புத் தாளைக் கேட்டார், பார்க்க முடியவில்லை,
முகர்ந்துவிட்டுக் கொடுத்தார்.
ஜுலைகா பீவி சொன்னார்:
மை பாக்கி இருந்தால் ஒரு இதழ் அடித்துவிடு.
என் வாழ்நாளில் நான் சொந்தமாகக் கோத்தது
ஒரே வரி.
நம் பத்திராதிபர் உதுமான்கனி ராவுத்தர் காலமானார்.
அதன் பின்னால், வழக்கம்போல், அது.

பதினாறு வருஷம் கழித்து, போத்தனூர் ரயிலடியில்,
சரக்குச் சீட்டு எழுதும் நிபாரண் பாபு
என் சட்டைப்பையிலிருந்து விழுந்ததைக் குனிந்து எடுத்தார்.
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சந்திரபிந்து, என்றார், உடைந்த தமிழில்.
இதற்குத் தனி ஓசை இல்லை.
இன்னொரு எழுத்தின் தலையில் உட்கார்ந்தால்
அதை மூக்கால் சொல்ல வேண்டும்.
அப்புறம், எங்கள் வீடுகளில்,
செத்தவர் பெயரை எழுதும்போது
பெயருக்கு முன்னால் இதை வைப்போம்.

முன்னால்.

சரக்கு வண்டி போகும்வரை நின்றேன்.
கோத்தது கோத்தபடி எந்தப் பனையில் இருக்கிறதோ.
திருத்தி அடிக்கப் பத்திரிகை இல்லை,
இயந்திரத்தைக் கோயமுத்தூரில் ஒருவர்
எடைக்கு வாங்கிப் போனார்.

ஆகவே:
ராவுத்தர் என்பதற்குப் பின்னால் இருப்பதை
உதுமான்கனி என்பதற்கு முன்னால் வைத்து வாசிக்கவும்.
சந்தா பாக்கி உள்ளவர்களும் வாசிக்கலாம்.